ஒலிபெருக்கியில் நான் சொன்ன பெயர்

அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் இயேசுவின் பெயரால் எல்லாருக்கும் என் அன்பு. சாட்சி சொல்ல வருகிறவர்கள் தங்களுக்கு வந்த துன்பத்தைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது என்னால் இன்னொரு வீட்டுக்கு வந்த துன்பம். ஒரு பெண் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவள் போனதற்குக் காரணம் நான்தான். மூன்று நாள், அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஊழியம் செய்யப் போன இடத்தில் ஒரு உயிரைத் தொலைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு கிடந்தேன்.

அந்தப் பிள்ளையின் பெயரையும் அவள் அம்மாவின் பெயரையும் சொல்லமாட்டேன். அந்தத் தெரு எது என்றும் கேட்காதீர்கள். ஏன் என்று போகப் போக உங்களுக்கே தெரியும். அம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

என் பெயர் ஜெயசீலி. உறையூரில் இருக்கிறோம். கணவர் தேவராஜ் பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் டிரில் டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளை கூட நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். முழங்கால் தேய்ந்துபோய் வேலையை விட்டபோது எல்லாம் போனது, குரல் மட்டும் போகவில்லை. அந்தக் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆண்டவர் ஊழியத்துக்கென்றே கொடுத்த குரல் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு குடியிருப்பு இருக்கிறது. அறுபது வீடு இருக்கும். வெள்ளம் வந்த ஒரு வருடம் எங்கள் சபையிலிருந்து பாயும் போர்வையும் கொடுக்கப் போனோம். ஆண்கள் பாதிப் பேர் சாயங்காலமானால் நிதானத்தில் இருக்கமாட்டார்கள். பெண்கள் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். கை விரலெல்லாம் வெந்து வெளுத்துப்போயிருக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் வீட்டுக்குள் வரும், இறங்கினால் பாம்பு வரும். திரும்பி வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இடத்தில் ஒரு ஜெபக்கூடம் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். போன வருடம் தை மாதம், அங்கேயே ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜெபக்கூட்டம் ஆரம்பித்தோம்.

யாரும் வரவில்லை. முதல் மாதம் நானும் அவரும் இரண்டு பல்லிகளும்தான். மாசி போயிற்று. பங்குனியில் நாலு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர். எனக்கு அழுகையாக வரும். வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து காவிரிப் பாலம் முழுக்க அழுவேன். என்னை எதற்கு ஆண்டவரே இங்கே அனுப்பினீர் என்று கேட்பேன்.

சித்திரையில் கைப்பிரதி அச்சடித்தேன். மேலே சிலுவை, நடுவில் கூட்டம் நடக்கும் நேரம், கீழே கொட்டை எழுத்தில் என் செல்போன் நம்பர். வீடு வீடாகக் கொடுத்தேன். அப்படித்தான் தங்கச்சியைப் பார்த்தேன். சமயபுரம் போய்விட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தாள். நான் கொடுத்த தாளை வாங்கி, என் கண் முன்னாலேயே நாலாக மடித்து, கோவிலிலிருந்து கொண்டுவந்த குங்குமத்தை அதில் கொட்டிப் பொட்டலம் கட்டினாள். மகளின் கைப்பையை இழுத்து உள்ளே வைத்தாள்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இயேசுவோட பேரு போட்ட தாளும்மா அது. பொட்டலம் மடிக்கவா கொடுத்தேன்?" என்றேன்.

"ரெண்டும் சாமி காரியம்தானக்கா. புள்ளைக்குத் துணையா இருக்கட்டும்," என்றாள். கோபமே இல்லை அவளுக்கு. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று வேறு கேட்டாள். வெளியே வந்து அவரிடம் பொருமித் தீர்த்தேன். இவர்களுக்கெல்லாம் எப்போது புரியப்போகிறது என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஆனி மாதம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மக்கள் உள்ளே வரவில்லையென்றால் ஜெபம் வெளியே போகட்டும். ரேடியோ செட் வைத்திருக்கும் ஒருவரிடம் பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, கொட்டகைக்கு மேலே தெருவைப் பார்த்துக் கட்டச் சொன்னேன்.

"உள்ள இருக்கறது நாலு பேரு. எதுக்கு ஜெயா கொழா? ஆண்டவருக்குக் காது மந்தமா?" என்று என் கணவர் கேலி செய்தார்.

"தெருவுக்குக் கேக்கட்டுங்க," என்றேன்.

நம் கூட்டங்களில் ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், மைக்கில் பெயர் சொல்லி ஜெபிப்பதும் உங்களுக்குப் பழக்கம்தான். பெரிய சபையில் ஆயிரம் பேர் நடுவில் சரோஜாவுக்குக் கட்டி, மேரிக்குக் கடன் என்று வாசித்தால் எந்தச் சரோஜா, எந்த மேரி என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. எல்லாரும் ஆமென் சொல்வோம், போய்விடுவோம். அறுபது வீட்டுத் தெருவில் ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

ஆடி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை தங்கச்சி என்னைத் தேடிக் கொட்டகைக்கு வந்தாள். அதுவரை அவள் வந்ததே இல்லை. வாசலில் நின்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். மகளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிடுகிறாள். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"எனக்கு எழுத வராதுக்கா. நீங்களே எழுதிக்குங்க. எம்புள்ளைக்காக சாமிகிட்ட சொல்லுங்க," என்றாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் விண்ணப்பம். ஆறு மாதம் உழுததற்கு ஒரு முளை வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் ஏன் இரண்டு பக்கமும் பார்த்தாள், ஏன் காதில் சொன்னாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்தேன். பிள்ளையின் பெயரைச் சொன்னேன். இன்னார் மகள் என்று சொன்னேன். வலிப்பு நோயே இவளை விட்டுப் போ என்று சொன்னேன். ஆவணியில் கல்யாணமாகப் போகிறவள் ஆண்டவரே என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன். இருபத்திரண்டு வருடம் மைதானத்தில் பழகிய குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி, கண்ணீர் விட்டு, உண்மையாகவே அவள் மேல் அன்பாகத்தான் சொன்னேன்.

கல்யாணம் பேசியதும் பிள்ளையை ஜவுளிக்கடை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அவள் வீட்டில் தனியாக இருந்தாள். தன் பெயரும் தன் நோயும் குழாய் வழியாக வருவதை உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் சித்தி அதே தெருக் கடைசியில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் தட்டு மாற்றியதெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. கூட்டத்துக்கு வரும் ஒரு அம்மா. பிள்ளையைக் காணோம் என்றார். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாத்திரை அட்டையும் அலமாரியிலேயே இருக்கிறது என்றார். மாத்திரை இல்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் வலிப்பு வந்து விழுந்த பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் அந்த வாரம் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கரை மேல் நின்றால் பேச்சுக் கேட்காது, அத்தனை இரைச்சல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"உங்க காதுலதானக்கா சொன்னேன். சாமிக்குப் போய்ச் சேரும்னு சொன்னேன். ஊருக்குச் சொல்லச் சொன்னேனா?" என்று கேட்டாள். அக்கா என்றுதான் கேட்டாள். நோயை மறைத்துக் கல்யாணம் செய்வது சரியா என்று சிலர் என்னிடம் பிறகு கேட்டார்கள். அதைச் சொல்ல வேண்டியவள் அந்தப் பிள்ளை. எப்போது, யாரிடம் என்று முடிவு செய்ய வேண்டியவளும் அவள்தான். அந்த வாயை நான் பிடுங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு முழுவதும் தேடினோம். போலீசில் புகார் கொடுத்தார்கள். நானும் அவரும் அவள் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன், அவள் வேலை பார்த்த கடை, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் என்று அலைந்தோம். சத்திரத்தில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். முழங்கால் வீங்கிவிட்டது. பூ விற்கிறவர்கள், பழக்கடைக்காரர்கள், கண்டக்டர்கள், யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் கரையோரம் ஆண்கள் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகவில்லை. போன் மேல் போன் வந்தது. வீட்டுக்கு வீடு கொடுத்த கைப்பிரதியில் என் நம்பர் இருக்கிறதே. "ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டார்கள். ஒருவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி அதன் சொந்தக்காரர் ஆள் அனுப்பினார். நான் யாரோடும் சண்டை போடவில்லை. அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டால் வாயே வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? என் மகள் என்றால் இப்படிக் குழாயில் போட்டிருப்பேனா என்று ஒரு கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. செத்துப்போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். விசுவாசி நினைக்கக் கூடாதுதான், ஆனால் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை என் கணவர் ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கரை அவிழ்த்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தரையில் குப்புற விழுந்தேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் உதட்டுக்குள்ளேயே ஒரு வார்த்தை வந்தது. அந்தப் பிள்ளையின் பேரை நான் சொல்லமாட்டேன் ஆண்டவரே, உமக்குத் தெரியும். கொண்டுவந்து விடும். அவ்வளவுதான். என் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் சத்தமே இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அதுதான். அழுதபடி அங்கேயே கிடந்தேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் போன் அடித்தது. தெரியாத நம்பர். இன்னொரு வசவு என்று எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அதையும் விட்டுவிட்டேன். மூன்றாவது முறை அடித்தபோது, திட்டட்டும், திட்டு வாங்க வேண்டியவள்தானே நான் என்று எடுத்தேன்.

"ஏங்க, இந்தச் சிலுவை போட்ட தாள்ல இருக்கற நம்பருங்களா?" என்று ஒரு பெண் குரல். "லால்குடி ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். இங்க ஒரு பொண்ணு இருக்கு. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குது. உங்க புள்ளைங்களா?"

அவரே மேலே மேலே சொன்னார். அவர் லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். ரயில் ஸ்டேஷனில் கொய்யாப்பழம் விற்கிறவர். சனிக்கிழமை காலை பாசஞ்சரில் வந்து இறங்கிய பிள்ளை பிளாட்பாரத்திலேயே வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். இவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய்த் தாங்கியிருக்கிறார். தெளிந்ததும் எனக்கு யாரும் இல்லை என்று அழுதிருக்கிறாள். வீட்டுக்குக் கூட்டிப்போய் கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார். திங்கட்கிழமை விடியலில் மறுபடி வந்திருக்கிறது, இந்த முறை சீக்கிரம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எனக்குப் பயமாப் போச்சுங்க. சொந்தக்காரங்க யாருன்னு கேக்கறாங்க, நான் என்னத்தச் சொல்றது? பையில குங்குமப் பொட்டலம் இருந்துச்சு. நெத்தியில கொஞ்சம் வச்சுவிடலாம்னு பிரிச்சேன். தாள்ல நம்பர் இருந்துச்சு."

நான் போனைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எந்தத் தாளை அவமதித்துவிட்டாள் என்று தங்கச்சியைக் கடிந்துகொண்டேனோ, அந்தத் தாள். குங்குமம் வைத்து மடிக்காமல் இருந்திருந்தால் அது பைக்குள் போயே இருக்காது. வீட்டுக்கு வீடு நான் கொடுத்ததெல்லாம் அடுப்புக்கும் குப்பைக்கும் போய்விட்டது. ஒரு தாய் தன் பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்று மடித்து வைத்தது மட்டும் லால்குடி வரை போய் என்னைக் கூப்பிட்டது. ஆண்டவர் என் பெருமையை உடைத்த விதத்தைப் பாருங்கள்.

தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் காதில் குனிந்து சொன்னேன். "புள்ள இருக்காம்மா. உசுரோட இருக்கா. வா." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாத்திரை அட்டையை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திருவானைக்காவலில் லால்குடி பஸ் ஏறினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொள்ளிடம் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். செம்மண் நிறத்தில் கரை முட்டத் தண்ணீர். என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் முன்னால் போய்விட்டு, பிறகு வந்து வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கொய்யாப்பழக்கார அம்மா ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அதன் பிறகு மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அது எனக்குத் தகும்.

இப்போது கேளுங்கள். நின்ற கல்யாணம் நின்றதுதான். அவளுக்கு வலிப்பு முழுவதும் போய்விடவில்லை. மாதம் ஒரு முறை மருந்து வாங்கப் போகிறாள், அம்மாவுக்கு வேலை இருந்தால் நான் துணைக்குப் போகிறேன். மறுபடி ஜவுளிக்கடைக்குப் போகிறாள். இந்த முறை முதலாளியிடம் தன் நோயைப் பற்றி அவளே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாள். நான் கேட்டது அவள் உயிரை. அதை ஆண்டவர் ஒரு கீறல் இல்லாமல் தாயின் கையில் கொடுத்தார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் இல்லை.

கொட்டகையை விட்டுவிடத்தான் நினைத்தேன். கொட்டகைச் சொந்தக்காரரிடம் போய்ப் பேசி எங்களை இருக்கச் செய்தவள் யார் என்று நினைக்கிறீர்கள்? தங்கச்சிதான். "கொழா இல்லாம இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்க" என்று சொன்னாளாம். இப்போது வெள்ளிக்கிழமை பதினைந்து, இருபது பேர் வருகிறார்கள். மைக் இல்லை, விண்ணப்பச் சீட்டு இல்லை, யாருடைய கவலையையும் யாரும் வாசிப்பதில்லை. அவரவர் சுவரோரம் உட்கார்ந்து உதட்டுக்குள் பேசிவிட்டுப் போகிறார்கள். அழுகிறவர் பக்கத்தில் நான் போய் உட்காருவேன். கேட்டால் கையைப் பிடித்து ஜெபிப்பேன். கேட்காவிட்டால் சும்மா இருப்பேன். சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரிய பாடு, என் கணவர் ஓரமாக நின்று சிரிப்பார். தங்கச்சி வருகிறாள். சமயபுரத்துக்கும் போகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

இந்தச் சாட்சியைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்டேன். அவள் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சொல்லுங்க பெரியம்மா. என் பேர மட்டும் வேணாம். அது சாமிக்குத் தெரியும்ல," என்றாள். அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்பானவர்களே, உங்களில் யாருக்காவது வெளியே சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் இருக்கலாம். வீட்டாரிடம் சொல்ல முடியாது, சபையில் எழுதிக் கொடுக்க முடியாது. பரவாயில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். குரலே வராவிட்டாலும் சொல்லுங்கள். ஆண்டவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.